மாநிறம் தேடியவள்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, சாண்ட்விச் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பாட்டில் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் கெய்லியின் அம்மா. கெய்லியைச் சென்ற வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோம். கல்யாணப் படங்களில் தோள் இரண்டும் பளபளவென்று பழுத்த நிறத்தில் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டு, மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரேயை ஒன்பது நாள் அடித்துக்கொண்டவள். பத்தாம் நாள் வாந்தியும் இடுப்புவலியுமாகச் சுருண்டு விழுந்தாள். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்றார்கள். நாளைக்கு நடக்கவேண்டிய கல்யாணம் நின்றுவிட்டது.

"அவளோட மேக்கப் பைக்குள்ள இருந்துச்சு," என்றாள் அந்த அம்மா. "தூக்கிப் போடத்தான் போனேன். அப்புறம் உங்க ஞாபகம் வந்துச்சு."

"போடாம இருந்தீங்களே, அதுவே பெரிய உதவி," என்றாள் ஜூடித்.

இங்கிலாந்தில் டைன் ஆறு கடலில் கலக்கும் அந்த ஊரின் நகராட்சியில், கடைச் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் ஜூடித்துக்குப் பத்தொன்பது வருஷ வேலை. கண் பிடுங்கிக்கொண்டு வரும் பொம்மை, போலி வோட்கா, தீப்பிடிக்கும் சார்ஜர் எல்லாம் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. போன வருஷம் தோலை வெளுக்கவைக்கும் கிரீம் நானூறு டப்பா பிடித்தார்கள். இந்த வருஷம் தோலைக் கறுக்கவைக்கும் ஸ்ப்ரே. இரண்டும் ஒரே பூட்டிய அறையில், அடுத்தடுத்த தட்டில் இருந்தன.

"இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒரே ரூம்ல விட்டா, தோலை மாத்திக்கிட்டுச் சந்தோஷமாப் போயிடுவாங்க," என்பார் அவளுடைய மேலதிகாரி கீத்.

ஜூடித் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் பீச் பழ வாசனை. ஊரும் பேரும் இல்லாத லேபிள். பாட்டிலைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு ஒரு துண்டுச் சீட்டு. அதைப் பிரித்தாள்.

'காலையில ஒரு மூக்குல ரெண்டு தடவை, சாயங்காலம் மறு மூக்குல ரெண்டு தடவை. 7 நாள்ல நிறம் மாறும் பாரு. தலைசுத்தினா பயப்படாதே, போயிடும் செல்லம்.'

எழுத்துகள் எல்லாம் காற்றில் சாய்ந்த புல் மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தன. ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு.

ஜூடித்தின் கை அப்படியே நின்றது.

ஏழுக்கு இந்த ஊரில் யாரும் குறுக்குக் கோடு போடமாட்டார்கள். அது ஸ்பெயின்காரர்கள் எழுதும் ஏழு. டெனரீஃப் தீவில், முன்னாள் கணவன் மார்ட்டினுடைய மதுக்கடையின் கரும்பலகையில் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் எழுதி எழுதிப் பழகிய ஏழு. எழுதியது ஓர் இடதுகைக்காரி. சிவப்புத் தலைமுடி, வெயில் பட்டால் கொப்பளிக்கும் வெள்ளைத் தோல், அதன் மேல் பிறந்ததிலிருந்தே கோபம்.

ரோவன்.

ரோவன் வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதங்கள். அன்றைக்கும் காரணம் இதே வேலைதான். பதினெட்டு நிரம்பாத பெண்களை, நிறம் ஏற்றும் மின்விளக்குப் படுக்கையில் படுக்கவைத்துத் தோலைச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு கடையை ஜூடித் மூடவைத்தாள். அந்தக் கடையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தது அவளுடைய சொந்த மகள்.

"எனக்கு அம்மாவே கிடையாது. ஒரு ஆபீசர்தான் இருக்கா," என்று சொல்லிவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டர்லாந்துக்குப் போனவள் போனவள்தான். ஜூடித்தின் எண்ணைப் போனில் தடுத்து வைத்துவிட்டாள். பிறந்தநாளைக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை பிரிக்காமலே திரும்பி வந்தது.

அறையில் யாரும் இல்லை. கெய்லியின் அம்மா போய்விட்டாள். பாட்டிலை இன்னும் பதிவேட்டில் ஏற்றவில்லை. பாட்டிலோடு ஒரு சீட்டும் வந்தது என்று இந்தக் கட்டடத்தில் ஜூடித்தைத் தவிர யாருக்கும் தெரியாது. சுண்டுவிரல் நீளக் காகிதம். சட்டைப்பைக்குள் போனால் போனதுதான்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்கக்கேடு என்னவென்றால், முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். பதினான்கு மாதங்களில் மகளிடமிருந்து அவள் கைக்கு வந்த முதல் எழுத்து அது. 'செல்லம்' என்ற சொல்லை இரண்டு முறை படித்தாள். யாரோ ஒருத்திக்கு எழுதியது.

பிறகு பேனாவை எடுத்து, பதிவேட்டில் எழுதினாள். 'பாட்டில் ஒன்று. கையால் எழுதிய சீட்டு ஒன்று.'

அதற்கப்புறம் கீத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

*

"உக்காருங்க," என்றார் கீத். "முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"மீன் கடை மாடி வீட்டுக்கு நேத்து நான் எழுதிக் கொடுத்த சோதனை அனுமதி வந்திருச்சா?"

"நீதிபதி கையெழுத்துப் போட்டாச்சு. இன்னைக்கு மூணு மணிக்குப் போறோம். நீங்கதான் முன்னால நிக்கப் போறீங்க. ஏன்?"

"நான் வரக் கூடாது கீத்." சீட்டை உறையோடு அவர் முன்னால் வைத்தாள். "இது என் மகளோட கையெழுத்து."

கீத் சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுமா?"

"பேனா பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்."

"அவங்க சண்டர்லாந்துலதானே இருக்காங்க?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன்."

மீன் கடை மாடி. அவள் வீட்டிலிருந்து இரண்டு மைல். அந்த விலாசத்தைத் தன் கையாலேயே படிவத்தில் நிரப்பியிருந்தாள். கெய்லி பாட்டில் வாங்கிய கதவு என்பதற்கு மேல் அப்போது அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

கீத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து இந்தக் கேஸ்ல நீங்க இல்ல. கோப்பைத் தொடக் கூடாது. யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசக் கூடாது. மூணு மணிக்கு முன்னால அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணினீங்கன்னா, உங்க வேலை போறது மட்டுமில்ல..."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். சொல்லவேண்டியது என் கடமை." அவர் குரல் இறங்கியது. "அந்தச் சீட்டை நீங்க பையில போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

"வீட்டுக்குப் போங்க ஜூடித். முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

*

வீட்டுக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. ரோவனின் அறை அங்கேதான் இருந்தது. அதனால் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தங்கை ஹேசலை வரச் சொன்னாள். என்ன ஏது என்று சொல்லவில்லை.

ஹேசல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். மதிய வேலை முடிந்து ஒன்றேகாலுக்கு வந்து, கார்க் கதவைத் திறந்து முன்சீட்டில் விழுந்தாள். கையில் காகிதப் பை. அதில் பன்னியிறைச்சியும் பட்டாணிக் களியும் வைத்த இரண்டு பெரிய பன்.

"சாப்பிடுக்கா. ஆவி மாதிரி இருக்கே."

ஜூடித் பன்னை வாங்கவில்லை. தங்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மே மாதம்தான். மூன்று வாரமாக ஊருக்குள் சூரியனே வரவில்லை. ஹேசலின் கை முழங்கை வரைக்கும் தேநீர் நிறத்தில் இருந்தது.

"இது என்ன கலர்?"

"எது?"

"உன் கை."

"அது... கிரீம்."

"கிரீம்னா விரல் இடுக்குல திட்டுத் திட்டாத் தெரியும். உனக்கு நகக்கண்ணு வரைக்கும் ஒரே நிறம். என்கிட்டயா கதை விடறே?"

ஹேசல் பன்னை ஒரு கடி கடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூக்குல அடிச்சியா?"

"ரெண்டு வாரம்தான்கா. ஜூன்ல லீவுக்கு மாயோர்கா தீவுக்குப் போறோம்ல, வெள்ளைப் பன்னி மாதிரிப் போய் நிக்கவா? ஊரே அடிக்குது."

"குமட்டலே வரலியா?"

"வந்துச்சு. நாலு கிலோ குறைஞ்சேன். அது போனஸ்."

வேறொரு நாளாக இருந்தால் ஜூடித் சிரித்திருப்பாள்.

"பாட்டில் யார் கொடுத்தா?"

ஹேசல் வாய் நிறைய இன்னொரு கடி கடித்தாள். அதுவே பதில்.

"அவ இங்க வந்தது எப்போ?"

"யாரு?"

"ஹேசல்."

"...மார்ச்ல. யாரோ ஒரு அழகுக்கடைக்காரி வாடகையில பாதி தர்றாளாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக்கா. சொன்னா என்னையும் பிளாக் பண்ணிடுவேன்னா. ரெண்டு பேருக்கு நடுவுல யாராவது ஒருத்தராவது வேணும்ல?"

இரண்டு மாதமாக. ஜூடித்துக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இரண்டு மாதத்தில் எத்தனை முறை அந்தத் தெரு வழியாகப் போயிருப்பாள், எத்தனை முறை சிக்னலில் நின்றிருப்பாள் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நாளைக்குக் காலையில அவங்க அப்பாவைப் பார்க்க டெனரீஃப் போறா. ஒரு மாசமா அதே பேச்சுதான். இந்தத் தடவை வெந்துபோகாம கடற்கரையில படுப்பேன், அப்பா பக்கத்துல நின்னா நானும் அவர் மகளாத் தெரிவேன்னு."

ஜூடித் கண்ணை மூடிக்கொண்டாள். மார்ட்டின் மண்ணிறத் தோல்காரன். தீவுக்குப் போனபிறகு இன்னும் கறுத்துப்போனான். ரோவனுக்கு ஒன்பது வயதில் அவன் போனான். முதல் ஆகஸ்ட் விடுமுறையில் அவனைப் பார்க்கப் போன பெண், முதுகெல்லாம் கொப்பளத்தோடு விமானத்திலிருந்து இறங்கினாள். அழவில்லை. 'அங்க எல்லாரும் என்னை டூரிஸ்ட்டுன்னு நினைச்சாங்கம்மா. அப்பாகிட்ட யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாங்க' என்று மட்டும் சொன்னாள்.

"போட்டோ இருக்கா?" என்றாள் ஜூடித்.

ஹேசல் போனைத் தேடி எடுத்து நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை எடுத்தது."

படத்தில் ரோவன் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு முடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தாள். முகம், கழுத்து, தோள் எல்லாம் வறுத்த வேர்க்கடலை நிறம். அழகாக இருந்தாள். அதை ஜூடித் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. யாரோ வேற்றூர்ப் பெண் மாதிரி, தனக்குப் பிறக்காத மகள் மாதிரி அழகாக இருந்தாள்.

ஜூடித் படத்தை விரலால் விரித்தாள். கண். மூக்கு. உதட்டோர மடிப்பு. பதினான்கு மாதப் பசி. அப்படியே கீழே வந்து, காதுக்குக் கீழே நின்றாள்.

"இது என்ன?"

"எது?"

"கழுத்துல."

"மச்சம்கா. சின்ன வயசுலேர்ந்து இருக்கே."

"எள்ளு அளவு இருக்கும். பொட்டு மாதிரி ஒரே பழுப்பு." படத்தை இன்னும் பெரிதாக்கினாள். "இதைப் பாரு. ஓரம் கடிச்சு வச்ச மாதிரி இருக்கு. பாதி கறுப்பு, பாதி செம்பழுப்பு."

ஹேசல் குனிந்து பார்த்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

ஜூடித் இதைப் பற்றி எத்தனை எச்சரிக்கைத் தாள் அச்சடித்திருக்கிறாள், எத்தனை பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசியிருக்கிறாள். இந்த மருந்தை யாரும் சோதித்து அனுமதித்ததில்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களைப் பிடித்து உலுக்குவதுதான் இதன் வேலை. நல்ல அணு எது, புற்றுநோயாக மாறும் அணு எது என்று அதற்குத் தெரியாது. மச்சம் பெரிதானால், நிறம் மாறினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவளே எழுதிய வரி.

"நான் இப்பவே அவளைக் கூப்பிடறேன்," என்று ஹேசல் போனைப் பிடுங்கினாள்.

"கூடாது."

"என்னக்கா சொல்றே? புள்ள கழுத்துல..."

"மூணு மணி வரைக்கும் கூடாது."

"மூணு மணிக்கு என்ன?"

ஹேசல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மெல்ல மெல்லப் புரிந்துகொண்டாள்.

"அடிப்பாவி," என்றாள் மெதுவாக. "மறுபடியுமா?"

"நான் எதுவும் சொல்லல."

"சொல்ல வேண்டாம். உன் மூஞ்சியே சொல்லுது. நீ என்ன பிறவிக்கா? பெத்த பொண்ணு!"

"இப்போ நீ கூப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள் ஜூடித். "பயந்துபோய் எல்லாத்தையும் சிங்க்ல கொட்டிடுவா. அப்புறம் அதுல என்ன கலந்திருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது. ஆஸ்பத்திரியில கிடக்கிற பொண்ணோட டாக்டருக்கும் தெரியாது. ரோவனோட டாக்டருக்கும் தெரியாது. உனக்கும்தான். நீ மூக்குல ஏத்தினது என்னன்னு உனக்குத் தெரியவேண்டாமா?"

ஹேசலின் கை தானாக மூக்குக்குப் போனது.

"ஒண்ணே முக்கால் மணி நேரம். அவ்வளவுதான்," என்றாள் ஜூடித். "அந்த மச்சம் ஒரு நாள்ல இப்படி ஆகல. இத்தனை மாசம் அவ தினமும் கண்ணாடி பார்த்திருக்கா. பக்கத்துல நின்னு 'என்னடி இது'ன்னு கேட்கத்தான் ஆள் இல்ல."

கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஹேசல் போனை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டாள். நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் கை போனைத் தேடி வந்தது. அப்போதெல்லாம் ஜூடித் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு ஜூடித் ஒரு காரியம் செய்தாள். குடும்ப டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "அதுக்குக் காலையில எட்டு மணிக்கே கூப்பிட்டிருக்கணும்."

"எட்டு மணிக்கு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஏழு மணிக்கே வந்து வாசல்ல நின்னிருப்பேன். மச்சம் ஒண்ணு மாறியிருக்கு. வயசு இருபதுதான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். "அஞ்சு பத்துக்கு ஒருத்தர் வரலைன்னு சொல்லிட்டாங்க. பேரு?"

"ரோவன். ஆனா அவ இப்போ உங்க லிஸ்ட்டுல இருக்க மாட்டா. வேற ஊருக்குப் போயிட்டா..."

"இருக்காங்களே. உங்க வீட்டு விலாசம்தான் போட்டிருக்கு. மாத்தவே இல்லையே."

போனை வைத்துவிட்டு ஜூடித் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கூச்சப்படாமல் அழுதாள்.

*

மூன்றே முக்காலுக்குக் கீத் கூப்பிட்டார்.

"முடிஞ்சது. கலாட்டா எதுவும் இல்ல. எல்லாத்தையும் அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க. பவுடர் குப்பி, 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல'ன்னு லேபிளே ஒட்டியிருக்கு. அந்தப் பொண்ணு அதைப் படிச்சிட்டுத்தான் கலந்திருக்கு. வியாழக்கிழமை விசாரணைக்கு வரணும். சரக்கு வாங்கிக் கொடுக்கிற அழகுக்கடைக்காரி பேரையும் சொல்லிட்டாங்க."

"எப்படி இருக்கா?"

"அந்த மணப்பெண் ஆஸ்பத்திரியில இருக்கிறதைச் சொன்னதும் தரையில உக்காந்துட்டாங்க. தலைசுத்தலோட போயிடும்னு நினைச்சேன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க." கீத் கொஞ்சம் தயங்கினார். "இப்போ நீங்க அவங்களைப் பார்க்கலாம். அம்மாவா மட்டும். கேஸைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது."

கீழே மீன் கடையிலிருந்து பொரிக்கும் எண்ணெய்ப் புகை மாடிப்படி முழுக்க ஏறியிருந்தது. ஹேசல் கீழேயே நின்றுவிட்டாள். ஜூடித் கதவைத் தட்டுவதற்கு முன்னால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மகளைப் பார்ப்பதற்கு எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"நீதானே அனுப்பினே?" என்றாள் ரோவன்.

"ஆமா."

"ரெண்டாவது தடவை."

"ஆமா."

"ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? ஒரே ஒரு போன்!"

"பண்ணிருக்கலாம். பண்ணல."

பொய் சொல்வாள், சமாதானம் சொல்வாள் என்றுதான் ரோவன் எதிர்பார்த்திருந்தாள். கதவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்தப் பொண்ணு... கெய்லி... செத்துடுவாளாம்மா?"

ஜூடித்துக்குப் பதில் தெரியும். கெய்லியின் அம்மா காலையில் சொன்னாள், சிறுநீரகம் தேறிவருகிறது என்று. அதைச் சொன்னால் இந்த முகம் கொஞ்சம் தெளியும்.

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது ரோவன்."

"அதானே பார்த்தேன்." ரோவன் கசப்பாகச் சிரித்தாள். "அம்மான்னு நினைச்சுக் கேட்டுட்டேன். மன்னிச்சிருங்க ஆபீசர்."

கதவு மூடப்போனது. ஜூடித் காலை நடுவில் வைத்தாள். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் எந்தக் கதவிலும் அவள் அப்படிச் செய்ததில்லை.

"உன்னைப் பத்திப் பேசலாம். அதுக்குத்தான் வந்தேன். உன் கழுத்தைக் காட்டு."

ரோவனின் கை சட்டென்று காதுக்குக் கீழே போய் மூடிக்கொண்டது. யோசிக்காமல் போன கை. அதிலிருந்தே ஜூடித்துக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும்.

"எப்போலேர்ந்து மாறிச்சு?"

"...கிறிஸ்துமஸ்."

"அரிப்பு இருக்கா?"

"சில நாள். ஒரு தடவை ரத்தம் வந்துச்சு. சீப்பு பட்டுதுன்னு நினைச்சேன்." குரல் சிறுத்துக்கொண்டே போனது. "நினைச்சேன்னு இல்ல. நினைச்சுக்கிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? டாக்டர்கிட்ட போனா, என்ன போட்டேன்னு கேட்பாங்க. ஸ்ப்ரேயை நிறுத்தச் சொல்வாங்க. நாளைக்கு ஃபிளைட். இவ்வளவு கஷ்டப்பட்டு..." தன் கைகளை நீட்டி இருபுறமும் திருப்பிக் காட்டினாள். "பாரும்மா. ஒரு தடவையாவது அப்பாகூட இப்படிப் போய் நிக்கணும்னு ஆசை. ஒரே ஒரு தடவை. தப்பா?"

"ஆசை தப்பில்ல," என்றாள் ஜூடித். "அஞ்சு பத்துக்கு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். நீ வரணும்னு கட்டாயம் இல்ல. நீ சின்னப் புள்ள இல்ல. நான் கீழ கார்ல இருக்கேன்."

காலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடும் சத்தம் கேட்டது.

நாலு நாற்பதுக்குக் கார்ப் பின்கதவு திறந்தது. ரோவன் ஏறி, சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ உள்ள வரக் கூடாது," என்றாள். "வெளியதான் உக்காரணும்."

"சரி."

*

டாக்டர் அறைக்குள் இருந்தது பதினொரு நிமிஷம். வெளியே வந்தபோது ரோவனின் கையில் ஒரு காகிதம் இருந்தது. வரவேற்பறையில் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே காருக்குப் போனாள். இந்த முறை முன்சீட்டில் ஏறினாள். வண்டி கிளம்பவில்லை. யாரும் கிளப்பச் சொல்லவும் இல்லை.

"அவசரம்னு போட்டு எழுதியிருக்காங்க," என்றாள் ரோவன். "ஆஸ்பத்திரியில ரெண்டு வாரத்துக்குள்ள பார்ப்பாங்களாம். திங்கக்கிழமையே கூடக் கூப்பிடலாமாம். வெட்டி எடுத்துச் சோதிக்கணும். வெறுமனே பார்த்து என்னன்னு சொல்ல முடியாதாம். வெயில்ல போகவே கூடாதாம்."

ஹேசல் பின்சீட்டிலிருந்து அவள் தோளைப் பிடித்தாள். ஜூடித் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தாள்.

"அம்மா."

"சொல்லு."

"அது அதுவா இருந்தா?"

எச்சரிக்கைத் தாளில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் அச்சடித்திருந்தது. ஜூடித் அதைச் சொல்லவில்லை.

"இருந்தா, நான் இருக்கேன். இல்லேன்னாலும் இருக்கேன். நீ பிளாக் பண்ணினாலும் ரெண்டு மைல் தள்ளி இருந்துக்கிட்டே இருப்பேன்."

ரோவன் அழுதாள். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் சத்தமாக. கழுத்தை மூடியிருந்த கை மடியில் விழுந்தது. ஜூடித் அப்போதுதான் அந்த மச்சத்தை நேரில் பார்த்தாள். படத்தில் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. கண்ணை விலக்கிக்கொள்ளாமல் பார்த்தாள்.

ரோவனின் போன் அடித்தது. திரையில் 'அப்பா'.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நாலாவது தடவை அடித்ததும் ரோவன் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பாட்டுச் சத்தம், கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். எல்லாம் வெயில் காயும் ஓர் ஊரிலிருந்து வந்தன.

"என்ன செல்லம், பெட்டி கட்டியாச்சா?" மார்ட்டினின் குரல் மாறவே இல்லை. "இங்க முப்பது டிகிரி! கடற்கரையில உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்!"

ரோவன் வாயைத் திறந்தாள். எத்தனை மாதமாக ஏங்கிய அழைப்பு. முடியவில்லை. போனை அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

"நீ சொல்லும்மா."

விவாகரத்துக்குப் பிறகு, பதினோரு வருஷமாக, ஜூடித் அந்த மனிதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகஸ்ட் மாதங்களில்கூட எல்லாம் ஹேசல் வழியாகத்தான்.

போனை வாங்கிக்கொண்டாள்.

"மார்ட்டின். நான் ஜூடித் பேசறேன்."

டம்ளர் சத்தம் தொடர்ந்தது. சிரிப்புச் சத்தம் தொடர்ந்தது.

"அவ நாளைக்கு அங்க வரல," என்றாள் ஜூடித். "நீ கடையைப் பூட்டிட்டு இங்க கிளம்பி வா."